நகரத்தில் வாக்குள்ள கட்சி கிராமத்துக்குப் போவது எப்படி: ஒன்றியப் பொறுப்பாளர்களுக்கான வழிகாட்டி

2019 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாகக் களம் கண்ட மக்கள் நீதி மய்யம், சென்னையின் மூன்று தொகுதிகளிலும் கோவையிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாக்குகளைப் பெற்றது. அதே தலைவரையும் அதே டார்ச் லைட் சின்னத்தையும் முன்வைத்து நாகப்பட்டினம், ராமநாதபுரம் போன்ற தொகுதிகளில் நின்றபோது ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்ட முடியவில்லை. மாநில அளவில் அதன் பங்கு நான்கு விழுக்காட்டை எட்டவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் கட்சியின் தலைவர் கமல்ஹாசன், கோவை தெற்கு என்னும் முழு நகரத் தொகுதியில் 1,728 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். மாநில அளவிலான பங்கும் முன்னைவிடக் குறைந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 51.6 விழுக்காட்டினர் ஊரகப் பகுதிகளில் வாழ்கிறார்கள் என்பதால், நகரத்தில் மட்டும் வாக்குள்ள எந்தக் கட்சிக்கும் இதே முடிவுதான் காத்திருக்கும்.

இந்த வழிகாட்டி அத்தகைய ஒரு கட்சியின் மாவட்ட, ஒன்றியப் பொறுப்பாளர்களுக்காக எழுதப்படுகிறது. அது எந்தக் கொள்கையுடைய கட்சி என்பது இங்கே பொருட்டில்லை. கிராமத்து வாக்காளருக்கு நம் செய்தி போய்ச் சேரவில்லை என்று தலைமை அலுவலகங்கள் வழக்கமாகச் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் தவறான கணிப்பு. தொலைக்காட்சியும் கைபேசியும் எல்லாக் குக்கிராமங்களிலும் இருக்கின்றன. செய்தி போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் செய்திக்குப் பொறுப்பேற்று ஊருக்குள் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை என்பதே குறை. ஆகவே மாற்ற வேண்டியது கட்சியின் வேலைமுறை, அதன் பணப் பங்கீடு, முடிவெடுக்கும் இடம் ஆகியவை. விளம்பர வாசகத்தை மாற்றுவது கடைசியில் செய்துகொள்ளக்கூடிய சிறிய வேலை.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பவர்கள் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்க ஆண்டுகளைப் பார்க்கலாம். 1957-இல் 15 இடங்கள், 1959-இல் சென்னை மாநகராட்சி, 1962-இல் 50 இடங்கள், 1967-இல் ஆட்சி. நகரங்களிலும் சிறு நகரங்களிலும் வேர்கொண்ட கட்சி படிப்பகங்கள், நாடகங்கள், திரைப்படம், கை மாறிப் போன இதழ்கள் வழியாகக் கிராமத்துக்குள் இறங்க ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் கட்சி தொடங்கி 1973 மே மாதத்தில் திண்டுக்கல் இடைத்தேர்தலை வென்றாரே என்று சிலர் வாதிடுவார்கள். அவருக்கு ஊர்தோறும் ரசிகர் மன்றங்கள் முன்பே இருந்தன என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மன்றமும் கிளையும் இல்லாத கட்சி அந்தக் குறுக்குவழியை எதிர்பார்க்கக் கூடாது.

முதல் வேலை: படிவம் 20-ஐப் படிப்பது

ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வாக்குச்சாவடி வாரியாக எந்த வேட்பாளர் எத்தனை வாக்குகள் பெற்றார் என்ற இறுதி முடிவுத்தாள் ‘படிவம் 20’ என்ற பெயரில் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வெளியாகிறது. கிராம வேலை இந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொகுதியின் மொத்த விழுக்காட்டை வைத்து முடிவெடுப்பது ஏமாற்றும். பன்னிரண்டு விழுக்காடு வாங்கிய தொகுதியில் நகராட்சிச் சாவடிகள் இருபது விழுக்காடும் ஊராட்சிச் சாவடிகள் மூன்று விழுக்காடும் தந்திருக்கலாம். இரண்டையும் கலந்து பார்க்கும்போது அந்த இடைவெளி மறைந்துபோகிறது.

தாளை அச்செடுத்து, பக்கத்தில் வாக்குச்சாவடிப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாவடியும் எந்த ஊராட்சியின் எந்தக் குக்கிராமங்களுக்கு உரியது என்று எழுத வேண்டும். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதை மறக்கக் கூடாது. குறிப்பாக 2021-இல் கொரோனா கட்டுப்பாட்டுக்காகச் சாவடிகள் பிரிக்கப்பட்டு மாநிலம் முழுவதும் 88,937 ஆகப் பெருகியிருந்தன. 2019, 2024 தேர்தல்களில் அந்த எண்ணிக்கை 68,000-ஐ ஒட்டியே இருந்தது. எண்ணை வைத்து ஒப்பிடாமல் பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருக்களின் பெயரையும் வைத்து ஒப்பிட்டால் பிழை வராது.

பிறகு சாவடிகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஏற்கெனவே ஓரளவு வாக்கு விழுந்த ஊர்கள் முதல் வகை. அங்கே யாரோ ஒருவர் நமக்காகப் பேசியிருக்கிறார். அவர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். வாக்கு குறைவாக இருந்தும் இரண்டு பெரிய கட்சிகளுக்கிடையே ஊர் மாறி மாறி வாக்களிக்கும் சாவடிகள் இரண்டாம் வகை. மூன்று, நான்கு தேர்தல்களாக ஒரே சின்னத்துக்கு எழுபது விழுக்காடு விழும் சாவடிகள் மூன்றாம் வகை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த மூன்றாம் வகையைத் தொடாமல் விடுவதே நல்லது. 2024 கணக்கின்படி ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக 290 சாவடிகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கும் கட்சி எதிலும் முடிப்பதில்லை. அறுபது சாவடிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் நிற்கலாம். தலைமை இதை ஏற்காது, ‘அனைத்துச் சாவடிகளிலும் முகவர்’ என்று அறிக்கை கேட்கும். அந்த அறிக்கைக்காகப் பெயர்களை நிரப்பிய நோட்டுகள் எத்தனையோ மாவட்ட அலுவலகங்களின் அலமாரிகளில் கிடக்கின்றன.

பணமும் அதிகாரமும் ஒன்றியத்துக்கு

கிராமத்தில் கட்சியின் உயிர்நாடி ஒன்றியச் செயலாளர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. வட்டார வளர்ச்சி அலுவலகம், அரசு ஒப்பந்தங்கள், நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் என ஊர் மக்களின் தேவைகளில் பெரும்பகுதி ஒன்றிய அளவில்தான் தீர்மானமாகிறது. நகரக் கட்சிகள் பெரும்பாலும் மாவட்டச் செயலாளரோடு நின்றுவிடுகின்றன. அவர் மாவட்டத் தலைநகரில் இருப்பார், வாட்ஸ்அப் குழுவில் அறிக்கைகளைப் பகிர்வார், தலைவர் வரும்போது வரவேற்புப் பதாகை வைப்பார். நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓர் ஊராட்சியில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது.

ஒன்றியப் பொறுப்பாளருக்கு மூன்று அதிகாரங்களை எழுத்தில் தர வேண்டும்: கிளைச் செயலாளர்களை நியமிப்பது, உள்ளாட்சி வேட்பாளரைப் பரிந்துரைப்பது, உள்ளூர்ப் பிரச்சினைகளில் மேலிடத்தைக் கேட்காமல் அறிக்கை விடுவதும் ஆர்ப்பாட்டம் நடத்துவதும். பணத்தைப் பொறுத்தவரை ஒரு சிறு கணக்குப் போதும். சட்டமன்ற வேட்பாளர் ஒருவரின் தேர்தல் செலவுக்கு ஆணையம் விதித்துள்ள உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். அதை 290 சாவடிகளுக்குப் பங்கிட்டால் ஒரு சாவடிக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய்தான் வரும். ஆகவே தேர்தல் மாதத்தில் பணத்தைக் கொட்டிக் கிராமத்தைப் பிடித்துவிடலாம் என்பது சட்டப்படியும் நடக்காது, நடைமுறையிலும் நடக்காது. கிளை வேலைக்கான செலவு, அதாவது போக்குவரத்து, மனு எழுதும் காகிதம், சிறிய வாடகை அறை, மாதம் ஒரு கூட்டத்துக்குத் தேநீர் ஆகியவை தேர்தல் இல்லாத நான்கு ஆண்டுகளில் தவறாமல் போய்ச்சேர வேண்டும். மாநாடு ஒன்றைக் குறைத்தாலே இதற்கான பணம் கிடைத்துவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

கிளைச் செயலாளர் யார் என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் முறிகின்றன. நகரத்திலிருந்து வரும் பொறுப்பாளருக்கு ஊரில் முதலில் கண்ணில் படுபவர், நன்றாகப் பேசத் தெரிந்த, கைபேசியில் கட்சிப் பாடலை வைத்திருக்கும் இளைஞர். அவர் பெரும்பாலும் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவராக இருப்பார், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் ஊரில் இருப்பார். அவருக்கு வேறு வேலை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். கிளைக்கு வேண்டியவர் ஆண்டில் முந்நூறு நாளும் ஊரில் தூங்குபவர், துக்க வீட்டுக்கும் காதுகுத்துக்கும் அழைக்கப்படுபவர், வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கும் பொறுமை உடையவர். பால் சொசைட்டிச் செயலர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர், டிராக்டர் வாடகைக்கு விடுபவர், தையற்கடை வைத்திருக்கும் பெண் ஆகியோரில் ஒருவர் கிடைத்தால் போதும். பழைய கட்சிகளில் பதவி கிடைக்காமல் வெளியே வந்தவர்களும் தேடி வருவார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முதல் ஆண்டிலேயே ஒன்றியப் பொறுப்பைத் தரக்கூடாது.

இங்கே சாதியைப் பேசாமல் கடந்துபோகும் வழிகாட்டி பயனற்றது. தமிழ்நாட்டுக் கிராமம் பெரும்பாலும் ஊர் என்றும் காலனி என்றும் இரண்டாகக் கிடக்கிறது. ஊரில் ஒரு தலைக்கட்டைப் பிடித்து அவர் வழியாகக் காலனிக்குப் போகலாம் என்று நினைக்கும் கட்சி, காலனியின் வாக்கையும் இழக்கும், மதிப்பையும் இழக்கும். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்க முடியவில்லை, 2006-இல்தான் நடந்தது. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டார். இந்த வரலாறு மக்கள் நினைவில் இருக்கிறது. புதிய கட்சி எந்தப் பக்கம் முதலில் போய் உட்காருகிறது என்பதை இரண்டு பக்கமும் கவனிக்கும்.

நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான். ஊருக்கும் காலனிக்கும் தனித்தனி அமைப்பாளரை வைத்து, இருவருக்கும் ஒரே தகுதியையும் ஒரே பதவிப் பெயரையும் தர வேண்டும். கூட்டத்தைப் பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், நூலகம் போன்ற பொது இடத்தில் மட்டும் நடத்த வேண்டும். ஊரார் ஒருவரின் திண்ணையில் நடத்தினால் பாதிப் பேர் வெளியே நிற்க நேரும். தனித் துணை அணி என்று பட்டியல் சாதியினரை ஒதுக்கி வைக்காமல், ஒதுக்கீடு இல்லாத பதவிகளுக்கும் அவர்களை வேட்பாளர்களாக நிறுத்தினால் தொடக்கத்தில் சில வாக்குகள் போகும். அந்த இழப்பைத் தாங்க முடியாத கட்சி, மாற்றத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே நேர்மை.

மனு என்னும் அன்றாட வேலை

கிராமத்தில் கட்சிக்காரரின் மதிப்பு அவர் முடித்துக்கொடுத்த மனுக்களால் அளக்கப்படுகிறது. இதை ஏளனமாகப் பார்க்கும் நகரத்துத் தொண்டர்கள் உண்டு. கொள்கை பேச வந்த நாம் பட்டா மாறுதலுக்கு அலைவதா என்பார்கள். அலையத்தான் வேண்டும். கைம்பெண் உதவித்தொகை, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, உட்பிரிவுடன் கூடிய பட்டா, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு, விடுபட்ட மகளிர் உரிமைத்தொகை, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் என ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கவலை.

கிளைக்கு ஒரு மனுப் பதிவேடு இருக்க வேண்டும். மனுதாரரின் பெயர், தேதி, எந்த அலுவலகம், பதிவு எண், அடுத்துப் போக வேண்டிய நாள், முடிவு ஆகியவற்றுக்கு ஒரு வரி போதும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம், ஆண்டுக்கொருமுறை வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி எனும் வருவாய்க் கணக்குத் தணிக்கை ஆகியவற்றின் தேதிகளைக் கிளைக் கூட்டத்திலேயே எழுதிவைத்து, எந்த மனுவை எங்கே கொடுப்பது என்று பிரிக்க வேண்டும். நில வரி, பட்டா, புறம்போக்கு தொடர்பானவற்றுக்கு ஜமாபந்தி ஏற்றது. பதில் வராத மனுவுக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதன் நிலையைக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பதால், பல இடங்களில் பதிலுக்கு முன்பே மனு நகர்ந்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மனுவை மனுதாரரே கையொப்பமிட்டு நேரில் கொடுக்க வேண்டும், கட்சிக்காரர் உடன் நின்றால் போதும். எந்த மனுவுக்கும் யாரிடமும் காசு வாங்கக் கூடாது. ஒரு கிளையில் ஒருவர் வாங்கினாலும் அந்த ஒன்றியம் முழுவதும் பேசும். முடியாத காரியத்தை முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லைக் கிராமத்து மக்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். டெல்டாவில் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படுவதிலிருந்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: விதைநெல், உரத் தட்டுப்பாடு, கடைமடைக்குத் தண்ணீர், பயிர்க் காப்பீட்டுக்கான அடங்கல் என்னும் சாகுபடிச் சான்று, கடைசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையம். நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அறுவடையில் மழை பெய்தால் விவசாயி நெல்லைச் சாலையில் பரப்பிக்கொண்டு, தளர்வு ஆணை எப்போது வரும் என்று காத்திருப்பார். அந்த ஒரு வாரம் கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாயோடு நிற்கும் கட்சிக்காரரை ஊர் மறக்காது, அடுத்த மாதம் விவசாயிகளுக்கு ஆதரவாக அறிக்கை விடுபவரை நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்யாது.

கிராமசபை

குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. இதைப் பரவலான பேச்சுப்பொருளாக்கியதில் 2018-இல் மக்கள் நீதி மய்யத்துக்குப் பெரிய பங்குண்டு. அதை அடுத்து 2019 ஜனவரியில் தி.மு.க. ஊராட்சி சபைக் கூட்டங்களை மாநிலம் முழுவதும் நடத்தியது. கருத்தை முன்னெடுத்தது ஒரு கட்சி, ஊர்தோறும் கூட்டம் போடக்கூடிய கிளைகள் இருந்தது இன்னொரு கட்சிக்கு. பலன் யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

கிராமசபைக்குக் கொடியோடும் தலைவரின் படத்தோடும் போகக்கூடாது, அது கட்சிக் கூட்டமன்று. அந்த ஊர் வாக்காளர்களாகிய நம்மவர்கள் பத்துப் பேர் முன்கூட்டியே பேசி, ஒரே ஒரு கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போக வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவது, வரவு செலவுக் கணக்கை வாசிக்கக் கேட்பது, தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று கலையும் முன் பார்ப்பது, நகல் கேட்டு எழுத்தில் விண்ணப்பிப்பது ஆகிய நான்கையும் செய்துவந்தால், ஊராட்சிச் செயலர் அடுத்த கூட்டத்துக்குக் கணக்கோடு வருவார்.

உள்ளாட்சித் தேர்தலைத் தவறவிடக் கூடாது

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மக்கள் நீதி மய்யம் போட்டியிடவில்லை. மக்களவைத் தேர்தலில் நகர வாக்கை நிரூபித்த கட்சிக்கு, கிராமத்தில் ஆயிரக்கணக்கான சிறு வேட்பாளர்களை உருவாக்கிக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. அதற்கு நேர்மாறாக, 2021 அக்டோபரில் எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் நடந்த தேர்தலில், அப்போது கட்சியாகவே இல்லாத விஜய் மக்கள் இயக்கத்தினர் பெரும்பாலும் வார்டு உறுப்பினர் பதவிகளுக்கு நின்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை வென்றார்கள்.

ஊரக வாக்காளருக்கு உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள் உண்டு. ஊராட்சி வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சின்னமின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒன்றியக் குழு உறுப்பினரும் மாவட்ட ஊராட்சி உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்கள். வேர்விடும் கட்சி முதலில் வார்டு உறுப்பினர் பதவிகளைக் குறிவைக்க வேண்டும். ஒரு வார்டில் சில நூறு வாக்குகளே இருப்பதால், வீடு வீடாகப் போகும் ஒருவர் பணமில்லாமலும் வெல்ல முடியும். ஊராட்சித் தலைவர் பதவியில் தொடக்கத்திலேயே மோதினால், ஊரின் பழைய பகைகளில் கட்சி ஒரு தரப்பாக மாட்டிக்கொள்ளும். ஒன்றியக் குழு உறுப்பினர் பதவி ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வருவதால், சட்டமன்றத்துக்கான நல்ல ஒத்திகை அது; அறுபது சாவடித் திட்டத்தோடு பொருந்துகிற வார்டுகளில் மட்டும் நிற்கலாம்.

2016 முதல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு உரியவை. கணவருக்கு மாற்றாகப் பெயருக்கு நிறுத்தப்படும் பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைப் பழைய கட்சிகளிடமே விட்டுவிடலாம். சுயஉதவிக் குழுக் கூட்டத்தை நடத்திப் பழகிய, வங்கி மேலாளரோடு வாதிட்டுப் பழகிய பெண்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். கிளையில் அவர்களுக்கு இப்போதே பொறுப்புத் தராமல், தேர்தல் அறிவித்த பிறகு வீடு தேடிப் போனால் வரமாட்டார்கள். தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடும் வழக்கம் சில இடங்களில் தேர்தல்தோறும் தலைகாட்டுகிறது. அப்படி ஏலம் நடந்தால் எதிர்த்து ஒரு வேட்புமனுவையாவது தாக்கல் செய்துவிட வேண்டும்.

என்ன பேசுவது

கிராமம் என்றாலே விவசாயி என்று எழுதும் தேர்தல் அறிக்கைகள் பாதி வாக்காளர்களை விட்டுவிடுகின்றன. நிலமற்ற கூலித் தொழிலாளி, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண், மில் வேனில் விடியற்காலையில் ஏறும் இளம்பெண், கட்டட வேலைக்கு வெளியூர் போகும் கொத்தனார், ஆடு மேய்ப்பவர், பெட்டிக்கடைக்காரர் ஆகியோரும் கிராமத்து வாக்காளர்களே. நெல்லுக்கு விலையை உயர்த்துவோம் என்ற வாக்குறுதி இவர்களில் பலருக்குச் சம்பளம் பற்றி எதுவும் சொல்வதில்லை. நூறு நாள் வேலையில் ஊதியம் தாமதமாவதும், பேருந்து மாலை ஏழு மணிக்குப் பிறகு வராததும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் இல்லாததும் இவர்களுடைய பேச்சு. தொகுதி அறிக்கை என்று தனியாக ஒன்று எழுதி, ஒன்றியத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர் சொல்லி எந்தச் சாலை, எந்தப் பாலம், எந்த ஏரி என்று அச்சிட வேண்டும். மகளிர் உரிமைத்தொகையையும் கட்டணமில்லாப் பேருந்தையும் ‘இலவசம்’ என்று பழிக்கும் நகரத்துப் பேச்சாளரை ஒன்றிய மேடைகளில் ஏற்றாதிருப்பது கட்சிக்கு நல்லது.

பட்டியலும் சாவடியும்

கிராமத்து வாக்கு வாக்காளர் பட்டியலிலேயே காணாமல் போகக்கூடும். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள், இடம்பெயர்ந்தவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டாலும், வேலைக்கு வெளியூர் போய் ஊரில் வீடு வைத்திருப்பவரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது சாவடிக்கும், ஒருவரை வாக்குச்சாவடி நிலை முகவராக நியமித்து, பட்டியலைத் தெரு வாரியாகக் கையில் கொடுத்து, வீட்டுக்கு வீடு சரிபார்க்கச் சொல்ல வேண்டும். புதிய பெயருக்குப் படிவம் 6, நீக்கத்துக்கு 7, திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் 8. இந்த முகவரை முறையாக நியமிக்கும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கே உண்டு. அங்கீகாரம் இல்லாத கட்சியினர் வாக்காளருக்கு இணையவழி விண்ணப்பிக்க உதவலாம். நாம் தமிழர் கட்சி ஓரிடத்திலும் வெல்லாமல், 2024-இல் எட்டு விழுக்காட்டைக் கடந்து மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றதற்கு, அதன் வாக்கு நகரம், கிராமம் என்ற பெரிய வேறுபாடில்லாமல் எல்லாத் தொகுதிகளிலும் பரவியிருந்தது ஒரு முக்கியக் காரணம்.

வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞருக்கு வேலை உண்டு என்று முன்பு சொன்னேன். அது இங்கேதான். ஒவ்வொரு கிளையும் வெளியூர் வாக்காளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும்: யார், எந்த ஊரில், எந்தத் திருவிழாவுக்கு வருவார், வாக்குப்பதிவுக்கு வர விடுப்புக் கிடைக்குமா என்பவை. திருப்பூரில் இருக்கும் ஒருவரால் அதே ஊரிலிருந்து அங்கே போயிருக்கும் இருபது பேரை அழைத்துப் பேச முடியும். 85 வயதைக் கடந்தவர்களும் குறிப்பிட்ட அளவு மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கப் படிவம் 12டி உண்டு. அறிவிக்கை வெளியானதிலிருந்து ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதால் பெயர்ப் பட்டியல் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

வாக்குப்பதிவு நாளில் முகவர், வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கே போய்விட வேண்டும். மாலையில் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் நகலைக் கையொப்பத்துடன் வாங்காமல் எழுந்து வரக்கூடாது. பணம் கொடுக்கும் கட்சிகளோடு பணத்தால் போட்டியிட வேண்டாம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு விருப்பப்படி வாக்களிக்கும் வீடுகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன, அவற்றை நமக்கு அடையாளம் காட்டுவது மனுப் பதிவேடுதான்.

முடிவு வெளியானதும் படிவம் 20-ஐ மறுபடி எடுத்து, தேர்ந்தெடுத்த அறுபது சாவடிகளையும் வேலை செய்யாத மற்றவற்றையும் தனித்தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். அறுபதில் வாக்கு கூடி மற்றவற்றில் கூடவில்லை என்றால் முறை சரி. அடுத்த ஐந்தாண்டுக்குச் சாவடிகளை நூற்றிருபதாக்கலாம். இரண்டிலும் ஒரே அளவு கூடியிருந்தால் அது மாநில அலை, கிளை வேலைக்கு அதில் பங்கில்லை. அறுபதிலும் கூடவில்லை என்றால், தலைமையைக் குறைசொல்லத் தொடங்கும் முன் அந்தக் கிளைகளின் மனுப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்து, கடைசியாக எந்தத் தேதியில் பதிவு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒன்றியப் பொறுப்பாளரைக் கேட்க வேண்டும்.